முப்பத்திரண்டு மணி ஒன்பது நிமிடம்

பெர்த்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பேரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து வயது. கையில் அம்மாவின் போன். "தாத்தா, உங்க ஏர்போர்ட்டுக்கும் எங்க ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம், சொல்லுங்க பார்க்கலாம்" என்றான்.

நான் ஆர்.எம்.எஸ். ஆசாமி. திருச்சி 'டி' டிவிஷனில் ஓடும் ரயிலில் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவன். எங்களுக்குத் தூரம் கிலோமீட்டரில் தெரியாது. எத்தனை நாள் தபால் என்றுதான் தெரியும். "நாலு நாள் இருக்கும்டா" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், நாலே கால் மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து பெர்த் ஏறக்குறைய 3,900, ஐந்தே கால் மணி நேரம். போன் சொன்ன கணக்கு அது. நடுவில் சிங்கப்பூரில் கால் நீட்டி உட்காரும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளுக்குள் அடக்கம்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். வெள்ளைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடப்போம். ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு நெட்லண்ட்ஸ் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். ஸ்வான் ஆறு அங்கே ஏரி போல அகன்று கிடக்கிறது. கரையில் புல், படகுகள், நாயோடு நடக்கும் ஜனங்கள். "இங்கேயிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு விமானம் போனது, யுத்த காலத்தில்" என்றார். ஆற்றிலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

முதலில் பழைய பாதை. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிலாந்துதான் தாய் வீடு. கப்பலில் போனால் ஒரு மாதத்துக்கு மேல். 1919ல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டனிலிருந்து கிளம்பி டார்வினில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட 28 நாள். அதற்கு 10,000 பவுன் பரிசு. 1935ல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாளில் போக முடிந்தது. சிங்கப்பூர், ரங்கூன், கல்கத்தா, அலகாபாத், டெல்லி, ஜோத்பூர், கராச்சி என்று நம் தலைமேல்தான் அந்த வழி. வேடிக்கை என்னவென்றால், இத்தாலியின் பிரிண்டிசிக்கும் பாரிசுக்கும் நடுவில் விமானப் பயணிகளை ரயிலில் ஏற்றிவிடுவார்கள். விமானக் கம்பெனிக்கும் கடைசியில் ரயில்தான் கை கொடுத்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அப்போதெல்லாம் ராத்திரியில் பறக்க மாட்டார்கள். சாயங்காலம் இறங்கி, ஓட்டலில் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் கிளம்புவார்கள். அதனால் தூரத்தைவிட எத்தனை இடத்தில் இறங்குகிறோம் என்பதுதான் பயண நாளைத் தீர்மானித்தது. வழி நெடுகச் சத்திரம் போலப் பிரிட்டிஷ்காரர்களின் ஊர்கள் இருந்தன. இறங்க இடம் இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. சங்கிலியின் நடுக் கண்ணி அறுந்துபோயிற்று. நாலு நாள் கழித்து டார்வினில் குண்டு விழுந்தது. மார்ச் 3 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் துறையில் ஜாவாவிலிருந்து அகதிகளை ஏற்றி வந்து நின்ற கடல் விமானங்களை ஜப்பானியர் தண்ணீரிலேயே சுட்டு எரித்தார்கள். குவான்டாஸ் கம்பெனியின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் லண்டன் போக வேண்டுமானால் கப்பல், இல்லையென்றால் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவைச் சுற்றி.

இந்தப் பக்கம் நம் கதையும் அதே நாட்களில்தான். ஏப்ரல் 4 அன்று இலங்கையின் தென்கோடியில், காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரியிலிருந்து ஒரு கேட்டலினா கடல் விமானம் ரோந்துக்குக் கிளம்பியது. ஓட்டியவர் லெனார்ட் பிர்ச்சல் என்ற கனடாக்காரர். இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்தார். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் ரேடியோவில் செய்தி அனுப்பிவிட்டார். அதனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டு விழுந்தபோது கொழும்பு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பிடிபட்ட பிர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பினார். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அதற்குப் பிறகு மெட்ராஸ் காலியான கதையை நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். மாயவரத்தில் எங்கள் பாட்டி வீட்டில் திண்ணை, கூடம், மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரம் எல்லாம் மெட்ராஸ் உறவுக்காரர்கள் என்று அம்மா சொல்வாள்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தமான், மலாயா, சுமத்ரா, ஜாவா எல்லாம் ஜப்பானியர் கையில். மிச்சம் இருப்பது இந்தியப் பெருங்கடல் மட்டும். ஒரு கரையில் பெர்த், மறு கரையில் கொக்கலை. நடுவில் 5,652 கிலோமீட்டர். ஒரே மூச்சில் இதைத் தாண்டினால் கொக்கலையிலிருந்து கராச்சி, அங்கிருந்து லண்டன் என்று அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுவிடலாம்.

தாண்டுவது எப்படி? வேகமான விமானம் எதற்கும் அவ்வளவு தூரம் போகும் சக்தி கிடையாது. அவ்வளவு தூரம் போகக்கூடிய கேட்டலினாவுக்கு வேகம் கிடையாது. ஒரே இறக்கை, அதன்மேல் இரண்டு இன்ஜின், அடியில் படகு போன்ற உடம்பு. மணிக்கு 200 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். நம் வைகை எக்ஸ்பிரஸ் இரண்டு சேர்ந்த வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிரிட்டிஷ் அரசு இப்படி ஐந்து விமானங்களைக் குவான்டாஸிடம் கொடுத்தது. அவற்றுக்கு ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா என்று நட்சத்திரங்களின் பெயர் வைத்தார்கள். நம் கணக்கில் திருவோணமும், அபிஜித்தும், கேட்டையும், சித்திரையும் அதில் வந்துவிடுகின்றன. ரைஜல் ஓரையன் கூட்டத்தின் கால் நட்சத்திரம்.

பெயருக்காக மட்டும் வைத்ததல்ல. வழி காட்டியவையும் நட்சத்திரங்கள்தான். விமானத்திலிருந்து ரேடியோவில் ஒரு வார்த்தை அனுப்பக் கூடாது. அனுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். பிர்ச்சல் செய்தி அனுப்பிப் பெயர் வாங்கிய அதே ஏரிக்கு இவர்கள் வாய் திறக்காமல் வந்து சேர வேண்டும். செக்ஸ்டன்ட் கருவியில் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கடிகாரத்தைப் பார்த்து, அட்டவணையில் கணக்குப் போட்டு, படத்தில் புள்ளி வைக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. கீழே ஆயிரக்கணக்கான மைலுக்குத் தண்ணீர். ஒரு டிகிரி பிசகினால்கூட மறு கரையில் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும்.

எடை விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவ்வளவு தூரத்துக்கு 1,988 காலன் பெட்ரோல் வேண்டும். நம் அளவில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். அதற்கு இடம் செய்வதற்காக, பனி உறையாமல் தடுக்கும் சாதனம், குளிர் தாங்கும் உள்சுவர்ப் பூச்சு என்று எதையெல்லாம் கழற்ற முடியுமோ அதையெல்லாம் கழற்றிவிட்டார்கள். அப்படியும் கிளம்பும்போது எடை 35,000 ராத்தலுக்கு மேல். தண்ணீரிலிருந்து எழும்புவதே பெரும்பாடு. முதல் பல மணி நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றுபோனால், மற்ற இன்ஜின் ஒன்றால் அந்தச் சுமையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஏறினார்கள்.

இவ்வளவு செய்த பிறகு மிச்சம் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? மூன்று பயணிகள். 69 கிலோ தபால்.

அறுபத்தொன்பது கிலோ! பொங்கல் வாழ்த்து சீசனில் எங்கள் வண்டியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஏறும் மூட்டையே அதைவிட அதிகம். எத்தனை ராத்திரி அந்த மூட்டைகளைக் காலால் தள்ளியிருக்கிறேன்! ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போகும் தபாலை 69 கிலோவில் நிறுத்து என்றால், எந்தக் கடிதம் போகலாம், எது நிற்கலாம் என்று யாரோ ஒருவர் பிரித்திருப்பார் அல்லவா? அரசாங்கக் காகிதமும் சிப்பாய்களின் கடிதமும்தான் போயின. கடிதத்தின் எடையைக் குறைப்பதற்காகவே அந்த யுத்தத்தில் ஏர்கிராஃப் என்று ஒரு வழியைக் கடைப்பிடித்தார்கள். கடிதத்தைப் படம் பிடித்துப் பொடி பிலிமாக்கி அனுப்புவது. சேர்ந்த ஊரில் அதைப் பெரிதாக்கி அச்சுப் போட்டு வீட்டில் கொடுப்பார்கள். காகிதமாகப் போனால் 23 கிலோ இருக்கும் 1,600 கடிதங்கள் பிலிமில் 150 கிராம்கூட இருக்காது. என் சர்வீஸில் இதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் பயணச் சேவை 1943 ஜூலை 10 அன்று தொடங்கியது. காற்றைப் பொறுத்து 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம்வரை ஆகும். ஜப்பானிய விமானங்கள் ரோந்து வரக்கூடிய கடல் பகுதியை ராத்திரி இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தை வைத்தார்கள். இருட்டோடு ஏறினால் வானத்தில் ஒரு சூரியோதயம். பகல் முழுக்கப் பறந்து, ராத்திரி முழுக்கப் பறந்து, இறங்குவதற்கு முன் இன்னொரு சூரியோதயம். கிழக்கே பெர்த்துக்குப் போகும்போது இரண்டாவது விடியல் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஏனென்றால் இரண்டு ஊருக்கும் தீர்க்க ரேகையில் முப்பத்தைந்தரை டிகிரி வித்தியாசம், நேரத்தில் சுமார் இரண்டே கால் மணி. அதனால்தான் இதற்கு இரட்டை விடியல் பயணம் என்று பெயர். பயணம் முடித்தவர்களுக்கு, இரட்டை விடியலின் ரகசியச் சங்கத்தில் உறுப்பினர் என்று ஒரு பத்திரம் கொடுப்பார்கள். சண்டைக்கு நடுவிலும் அந்த மனிதர்களுக்கு ஒரு குறும்பு இருந்திருக்கிறது.

பயணிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உள்ளே இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. குளிர். எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்குத் தெரியாது, வீட்டில் கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை எதிர்க்காற்றில் சிக்கி 32 மணி 9 நிமிடம் இடைவிடாமல் பறந்திருக்கிறார்கள். மணிக்குச் சராசரி 176 கிலோமீட்டர். பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கும் இறங்காமல் இவ்வளவு நேரம் வானத்தில் இருந்த சேவை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இப்படி 1945 ஜூலை வரை 271 தடவை கடலைத் தாண்டினார்கள். கூட்டிப் பார்த்தால் பதினைந்து லட்சம் கிலோமீட்டர். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. ஓர் ஆள்கூடச் சாகவில்லை. ஓட்டியவர்கள் பட்டாளத்துக்காரர்கள் அல்ல, கம்பெனியில் சம்பளம் வாங்கிய சாதாரண விமானிகள். ரஸ்ஸல் டாப் என்ற கேப்டனின் பெயர் முக்கியமாகச் சொல்லப்படுகிறது. மற்றவர்களின் பெயரைப் பெர்த்திலேயே நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

1944ல் லிபரேட்டர் விமானங்கள் வந்ததும் நேரம் பதினேழு மணியாகக் குறைந்தது. அவை இரத்மலானையில், தரையில் இறங்கின. அந்த விமானத்தின் மேல்தான் முதன்முதலாகக் கங்காரு படம் வரைந்தார்கள். இன்று குவான்டாஸ் வாலில் பார்க்கிறோமே, அந்தக் கங்காரு. கேட்டலினாக்களுக்கு என்ன ஆயிற்று? அமெரிக்கா கடனாகக் கொடுத்த சாமான் அவை. யுத்தம் முடிந்ததும் ஒன்று விலை கொடுக்க வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும், அல்லது அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அழிப்பதுதான் மலிவு. பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். ஒன்று மட்டும் சிட்னிப் பக்கம் மூழ்கியது. ஐந்து நட்சத்திரமும் கடலுக்குள். மூன்று மாதமும் தினம் பெர்த் கடற்கரைக்குப் போய் அந்தத் தீவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இது தெரியாமலேயே.

பிறகு நடந்தது வேகமான கதை. 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு நாலு நாள். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் 14,498 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம். அடுத்து சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சாக, ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர் போவதற்கு ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு விடியல் என்ற பொருளில் சன்ரைஸ் என்று பெயர் வைத்தது பழைய கேட்டலினாக்களின் நினைவாகத்தான். பெர்த்துக்கும் கொக்கலைக்கும் உள்ள அந்த 5,652 கிலோமீட்டரை இன்றைய ஜெட் விமானம் ஏழு மணிக்குள் கடந்துவிடும்.

இனி என் வீட்டுக் கணக்கு.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, மலாயாவில் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். மாதம் ஒரு கடிதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணியார்டர். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பாட்டி சொல்லச் சொல்ல, பதினோரு வயதுப் பெண்ணான அம்மா எழுதுவாள். 1941 மார்கழியில் ஒரு கடிதம் போட்டார்கள். அது போய்ச் சேரவில்லை. அந்த மாதத்திலேயே ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. மாசி மாதம், பிரிக்காத அதே கடிதம் ஊதா நிற முத்திரையோடு பாட்டியிடமே திரும்பி வந்தது. சேவை நிறுத்தப்பட்டது, அனுப்பியவருக்குத் திருப்பு என்று இங்கிலீஷில் முத்திரை. போஸ்ட்மேன் படித்துச் சொன்னாராம். பாட்டி அதைப் பிரிக்கவில்லை. அவனுக்கு எழுதியது, அவன்தான் பிரிக்க வேண்டும் என்று டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். அதன் பிறகு மூன்றரை வருடம் ஒரு சேதி இல்லை. ஸ்வான் ஆற்றிலிருந்து அந்த 69 கிலோ போய்க்கொண்டிருந்தபோதெல்லாம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தபால்காரர் தெருவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாமா பிழைத்திருந்தார். யுத்தம் முடிந்து முதலில் ஒரு கார்டு வந்தது. 1947ல் அவரே ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தாராம். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்ததும் பாட்டி பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். மாயவரத்துக்கும் ஈப்போவுக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் என்று பேரனின் போன் சொல்கிறது. அந்தக் கடிதத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பிடித்தது.

மாமா கூடத்தில் நின்றபடியே பிரித்துப் படித்தார். குத்தாலத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம், நல்ல இடம், ஜாதகம் பொருந்துகிறது, உன் சம்மதம் தெரிந்தால் தையில் வாக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தது, அம்மாவின் பள்ளிக்கூடக் கையெழுத்தில்.

மாமா நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தாராம். "அந்தப் பொண்ணு?" என்றாராம்.

"அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை" என்றாளாம் பாட்டி.

மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோர் இன்னும் கொஞ்சம் கேட்டாராம்.